மலையேறிய சனம் – 9
காம்பராவும் அரைப்பேரும்

மண்டபம் முகாமில் ஏறக்குறைய ஒரு வாரம் அடைந்து கிடந்து, அம்மை குத்திக்கொண்டு, எண் பொறித்த தகர வில்லையோடு தனுஷ்கோடியில் கப்பலேறிய குடும்பத்தைப் போன வாரம் தலைமன்னாரில் விட்டிருந்தோம். இன்னார் என்று பெயர் சொல்ல முடியாத குடும்பம்தான். 1914இல் அந்தக் கப்பலும் ரயிலும் ஓடத் தொடங்கிய பிறகு வந்த ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கும் முதல் வாரம் ஏறக்குறைய இப்படித்தான் கழிந்தது.

இவர்களின் பாட்டன்மார் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். இவர்கள் கோச்சியில், அதாவது ரயிலில், உட்கார்ந்து வந்தார்கள். நாவலப்பிட்டி தாண்டியதும் குளிர் பிடித்தது. அட்டன் கடல்மட்டத்துக்கு நாலாயிரம் அடிக்கும் மேலே இருக்கிறது. சேலத்து வெயிலுக்கும் திருச்சி வெயிலுக்கும் பழகிய உடம்பு, ஒற்றைத் துணியோடு அங்கே இறங்கியது.

தேயிலைத் தோட்டத்தில், ஆள்சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி காட்டிய இடம் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கதவுகள், கதவுக்கொரு குடும்பம். உள்ளே பத்தடிக்குப் பன்னிரண்டடி. புருஷன், பெண்சாதி, பிள்ளைகள், கிழவி எல்லாருக்கும் அதுதான் இடம். மூலையில் மூன்று கல் வைத்தால் அடுப்பு. புகை போக வழியில்லை. கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் ஏற்கெனவே கன்னங்கரேல் என்றிருந்தது. தங்களுக்கு முன்னே அங்கே சமைத்தவர்கள் யார், எங்கே போனார்கள் என்று அந்தக் கிழவி நிச்சயம் யோசித்திருப்பாள்.

அக்கம்பக்கத்தில் தமிழ்தான். இருந்தாலும் புதுச் சொற்கள் வந்து மோதின. அறைக்கு அங்கே காம்பரா என்று பெயர். அது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். திண்ணை இருக்கவேண்டிய இடத்துக்கு இஸ்தோப்பு. அது ஒல்லாந்தர் விட்டுப்போனது. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்டதும் போய் நிற்கவேண்டிய இடம் பெரட்டுக்களம். இங்கிலீஷ்காரனின் 'பரேடு'தான் அப்படித் திரிந்தது. ஒரு தீவை ஆண்டுபோன மூன்று அரசுகளின் சொற்களையும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி ஒரே வாரத்தில் வாயில் போட்டுக்கொண்டாள். இந்தத் தோட்டத் தமிழை 'கொச்சை' என்று ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு வலிக்கிறது.

அந்தச் சொற்களில் 'பேர்' என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் அன்றைக்குப் பேர் விழுந்தால்தான் கூலி. தோட்டத்தை நடத்தும் துரை சொன்ன எடைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். ஊரில் அப்பன் பேரையும் குலசாமி பேரையும் சொல்லி வளர்ந்தவர்களுக்கு, பேர் என்பதே பாதியாக வெட்டக்கூடியதாகிவிட்டது. இன்றும் மலையகத்தில் அரைப்பேர் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

கொழுந்து பறிப்பதும் பார்க்கத்தான் சுலபம். கூடைக் கயிறு நெற்றியில் அழுத்தும். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஈரத்தில் கனக்கும். செடியின் தலையில் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதில் இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கிள்ளவேண்டும். முற்றின இலை கலந்தால் கணக்கப்பிள்ளை ஏசுவார். நாற்று நட்ட விரல்களுக்கு இந்தக் கிள்ளல் வரவில்லை. நகக்கண் கறுத்து எரிந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம் உறைந்திருந்தது.

பிடிக்கவில்லை என்று திரும்பிப் போகவும் வழியில்லை. ஊரில் கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு எல்லாம் கடனாகத் தலையில் ஏறியிருந்தது. வேறு தோட்டத்துக்கு மாறவேண்டுமானால், மொத்தக் கடனையும் எழுதிய 'துண்டு' வேண்டும். அதை அடைக்க ஒப்புக்கொள்கிற இன்னொரு துரையும் வேண்டும். 1921இல் சட்டம் போட்டு நிறுத்தும்வரை துண்டுமுறை நடந்தது. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், உடம்புக்கு முடியவில்லை என்று படுப்பதும் லேசில்லை.

அந்த வாரக் கடைசியில் தராசு மறுபடியும் அந்தக் குடும்பத்துப் பெண்சாதியின் கூடையைக் குறைத்துக் காட்டியது. அரைப்பேர். காம்பராவுக்குள் ஈரப் படங்கை அவிழ்த்துப் போட்டாள். தோட்டத்தில் கொடுத்த கம்பளி ஒன்றே ஒன்று. அதைப் பிள்ளைகள் மேல் போர்த்திவிட்டு, கிழவியும் அவளும் அடுப்போரம் சுருண்டார்கள். கம்பளியின் விலையும், அந்த வாரம் அளந்து கொடுத்த அரிசியின் விலையும் கணக்கில் ஏற்கெனவே ஏறியிருந்தன.

(தொடரும்)