மேகத்தில் ஒரு வீடு – 14: ‘சார் வீடு’ என்றொரு கதவு

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நண்பரின் நிறுவனத்தில் உட்கார்ந்து அவர்களுடைய டேட்டாபேஸ் சர்வரின் ஃபயர்வால் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வரிகளுக்கு மேல் இருந்தது. ‘டெம்ப்’, ‘டெம்ப்2’, ‘டெம்ப்2புதுசு’, ‘டெமோ’, ‘வீடு’, ‘சார் வீடு’. எந்த வீடு, எந்த சார் என்று கேட்டேன். அறையில் இருந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அவரு வேலையை விட்டுப் போயி ரெண்டு வருஷம் ஆச்சு சார்” என்றார் ஒருவர். ஆள் போய்விட்டார். அவர் வீட்டுக்குப் போட்டுக்கொடுத்த வழி மட்டும் அப்படியே கிடக்கிறது.

போன வாரம் டேட்டாபேஸை கிளவுடில் குடியேற்றிவிட்டு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அதன் வாசலைப் பார்க்கலாம். எனக்குக் கைப்பழக்கம் மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸோடுதான் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற கிளவுடுகளில் பெயர்கள் மாறும், சங்கடங்கள் பெரும்பாலும் இவைதான்.

அந்த சர்வர் 1433 என்ற போர்ட்டில் காத்திருக்கும். ஆனால் நாம் விதி எதுவும் எழுதாதவரை வெளியிலிருந்து யார் தட்டினாலும் திறக்காது. விதி என்பது பெரிய சமாசாரமில்லை: ஒரு பெயர், தொடங்கும் ஐ.பி. முகவரி, முடியும் ஐ.பி. முகவரி. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட முகவரியிலிருந்து வந்தால் உள்ளே போய் பாஸ்வேர்டைச் சொல்லலாம். இல்லாவிட்டால் 40615 என்ற எண்ணோடு ஒரு பிழைச் செய்தி வரும். உங்கள் முகவரி இன்னது, அதற்கு அனுமதி இல்லை என்று அதிலேயே எழுதியிருக்கும். திருப்பி அனுப்பும்போதும் எந்த முகவரிக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிற நாகரிகமான வாட்ச்மேன்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பவர்களுக்கு 2003 ஜனவரி 25-ஐ நினைவூட்டுவேன். நமக்கு அது சனிக்கிழமை காலை 11 மணி. எஸ்.க்யூ.எல். சர்வரின் பக்கத்து வாசலான 1434 போர்ட் வழியாக ‘ஸ்லாமர்’ என்ற புழு கிளம்பியது. அதன் மொத்த நீளம் 376 பைட். யூனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் பிடிக்கும், ஆக சுமார் நூற்றிருபத்தைந்து குறிகளின் அளவே ஆன சமாசாரம். தொடக்கத்தில் எட்டரை விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பானது. உலகம் முழுக்க அதற்கு இடம்கொடுக்கக்கூடிய நிலையிலிருந்த கணினிகளில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்தது, எழுபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. தென் கொரியாவில் இன்டர்நெட் தள்ளாடியது, அமெரிக்காவில் பேங்க் ஆஃப் அமெரிக்காவின் ஏ.டி.எம்.கள் பணம் தர மறுத்தன. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தது என்பதும், டேட்டாபேஸ் தெருவைப் பார்த்து உட்கார வேண்டிய அவசியமே அந்தக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை என்பதும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, பட்டியலுக்கு வருவோம். அஷ்யூர் போர்ட்டலில் ‘என் முகவரியைச் சேர்’ என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் ‘கிளையன்ட்ஐபிஅட்ரஸ்’ என்ற சொல்லோடு அன்றைய தேதியும் நேரமும் ஒட்டிய பெயரில் ஒரு விதி உருவாகும். எப்போது என்பது பெயரிலேயே இருக்கும்; யார், எதற்கு என்பது இருக்காது. ஆக்டிவிட்டி லாகில் தேடலாம், ஆனால் அது தொண்ணூறு நாள்தான் நிற்கும். அதிலும் வீட்டு பிராட்பேண்டின் முகவரி மோடத்தை அணைத்துப் போட்டால் மாறக்கூடியது. நேற்று உங்களுடையதாக இருந்த முகவரி இன்று இன்னொருவருடையது. விதியோ நேற்றைய ஞாபகத்திலேயே நிற்கிறது. மொபைல் ஹாட்ஸ்பாட் என்றால் இன்னும் மோசம். ஒரே பொது முகவரியின் பின்னால் ஊர்ப்பட்ட சந்தாதாரர்கள் இருப்பார்கள். ஒருவருக்குத் திறந்தால் அத்தனை பேருக்கும் திறந்த மாதிரி.

கையால் சேர்த்தால் கையால்தான் அழிக்க வேண்டும், அழிக்க எவருக்கும் ஞாபகம் இருக்காது. ஏ.பி.ஐ. உதவிக்கு வருவது இங்கேதான். ஒவ்வொரு விதிக்கும் ஒரு இணைய முகவரி உண்டு: எந்தச் சந்தா, எந்த ரிசோர்ஸ் குரூப், எந்த சர்வர், கடைசியில் விதியின் பெயர். அந்த முகவரிக்கு ‘புட்’ என்ற கட்டளையோடு இரண்டு ஐ.பி.களை ஜேசான் துண்டாக அனுப்பினால் விதி உருவாகும், ‘டெலீட்’ அனுப்பினால் போய்விடும், கடைசியிலுள்ள விதியின் பெயரை விட்டுவிட்டு ‘கெட்’ அனுப்பினால் பட்டியல் வரும்.

‘புட்’டில் ஒரு குணம் உண்டு, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதே பெயரில் ஏற்கெனவே விதி இருந்தால் அது சண்டைக்கு வராது, பழைய முகவரியை அழித்துவிட்டு புதியதை எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லும். ஒருமுறை நான் எழுதிய ஸ்கிரிப்டில் விதிக்கு ‘ஆபீஸ்’ என்று பெயர் வைத்திருந்தேன். சோதனைக்காக என் வீட்டிலிருந்து ஓட்டினேன். மறுநாள் காலை அலுவலகத்தில் ஒரு பில்கூட போட முடியவில்லை. என் வீடு அலுவலகமாகிவிட்டிருந்தது! அன்றுமுதல் ஆள், காரணம், காலாவதித் தேதி மூன்றும் சேராமல் நான் விதிக்குப் பெயர் வைப்பதில்லை. கருத்து எழுத அங்கே வேறு கட்டம் கிடையாது. பெயர்தான் நமக்கிருக்கும் ஒரே இடம்.

காலாவதித் தேதியைப் பெயரில் எழுதிவிட்டால் மீதியை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். தினமும் இரவு பட்டியலை ‘கெட்’ செய்து, தேதி தாண்டியவற்றை ‘டெலீட்’ செய்யும். கிட்ஹப் போன்ற இடங்களிலிருந்து டேட்டாபேஸில் மாற்றம் செய்யும் தானியங்கி வேலைகளுக்கு இது இன்னும் பொருந்தும். அவற்றை ஓட்டும் கணினிக்கு ஒவ்வொரு முறையும் வேறு முகவரி. வேலை தொடங்கும்போது திற, முடிந்ததும் மூடு. மூடும் முன் வேலை பாதியில் செத்துப்போனால் கதவு திறந்தே கிடக்கும் என்பதால் இரவுத் துப்புரவு எப்படியும் வேண்டும். திறந்த கையோடு நுழைய முயன்றாலும் ஏமாறுவீர்கள். மாற்றம் நடைமுறைக்கு வர ஐந்து நிமிடம்வரை ஆகலாம். ஸ்கிரிப்டுக்குப் பொறுமை கற்றுக்கொடுங்கள்.

இப்போது எனக்குப் பிடிக்காத ஒரு விதியைப் பற்றி. தொடக்கமும் 0.0.0.0, முடிவும் 0.0.0.0. பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும். அதன் உண்மையான பொருள்: அஷ்யூருக்குள்ளிருந்து வரும் யாரும் வரலாம். ‘அஷ்யூர் சேவைகளை அனுமதி’ என்ற பெட்டியில் டிக் போட்டால் உருவாவது இதுதான். நம்முடைய அஷ்யூர் சேவைகள் என்றுதான் எல்லோரும் படிக்கிறார்கள். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த மெஷினும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு உங்களைக் காப்பது பாஸ்வேர்டு மட்டும். நண்பரின் பட்டியலிலும் அந்தப் பூஜ்யங்கள் இருந்தன, முதல் வரியிலேயே.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. நான் இதுவரை சொன்னதெல்லாம் சர்வர் மட்டத்து விதிகள். ஒவ்வொரு டேட்டாபேஸுக்குள்ளும் தனியாக விதி எழுத முடியும். அதற்கு எஸ்.க்யூ.எல். கட்டளைதான், போர்ட்டலில் தெரியாது, ஏ.பி.ஐ. தரும் பட்டியலிலும் வராது. யாராவது தட்டினால் அஷ்யூர் முதலில் பார்ப்பதே இந்த உள்விதிகளைத்தான். ஒவ்வொரு டேட்டாபேஸாக நுழைந்து கேட்டால்தான் சொல்லும். கேட்டோம். இரண்டு கிடைத்தன.

வாசல்களை எல்லாம் ஸ்கிரிப்ட் கையில் கொடுத்த பிறகு அந்த ஸ்கிரிப்டின் சாவி யாரிடம் என்ற கேள்வி வரும். அதைக் கைப்பற்றியவன் சுவர் ஏறிக் குதிக்க வேண்டாம், தன் பெயரில் ஒரு விதி எழுதிக்கொண்டு நேராக நடந்து வரலாம். எனவே அந்தச் சாவிக்கு ஃபயர்வால் விதிகளைத் தவிர வேறெதையும் தொடும் உரிமை கொடுக்காதீர்கள். பொது வாசலையே அடைத்துவிட்டு உள்வழியாக மட்டும் வரும் ஏற்பாடும் உண்டு. அது அடுத்த வாரம்.

அந்த வெள்ளிக்கிழமை, பட்டியல் முழுவதையும் ஒரு ஃபைலில் எடுத்து வைத்துக்கொண்டோம். உரிமை கோர ஆளில்லாத விதிகளை ஒவ்வொன்றாக அழித்தோம். திங்கள் காலை ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன்: “உங்க சர்வர் படுத்துடுச்சா?” அவர்கள் ‘டெமோ’. பதினொரு மணிக்கு முதலாளியே கூப்பிட்டார். வாராவாரம் அவர் மெயிலுக்கு வரும் விற்பனை ரிப்போர்ட் இன்று வரவில்லையாம். அப்படியொரு ரிப்போர்ட் இருப்பதே அறையில் யாருக்கும் தெரியாது. தேடிப் பார்த்தோம். இரண்டு வருடமாக அது கிளம்பி வந்துகொண்டிருந்தது ‘சார் வீட்டி’லிருந்து.

(தொடரும்)