வெப்சைட்டுக்கும் ஒரு ஜீரோ கேட் உண்டு, தெரியுமா?

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்தில் இருந்துதான் கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் 1983-லேயே திறந்துவிட்டது. அதே வடசென்னையில் இன்று ராயபுரத்து க்ளியரிங் ஏஜென்ட், காசிமேட்டு மீன் ஏற்றுமதியாளர், எண்ணூர் லாரி புக்கிங் ஆபீஸ் என்று யாரைக் கேட்டாலும் கையில் ஒரு வெப்சைட் இருக்கிறது. ஆனால் பல சைட்கள் திறப்பதற்குள் டீ ஆறிப்போகிறது! எங்கே மாட்டிக்கொள்கிறது? பார்ப்போமா?

கூட்டமே இல்லாமல் சைட் முடங்கும், தெரியுமா?

பல சைட்கள் ஒரே சர்வரைப் பகிரும் குறைந்த விலை ஷேர்டு ஹோஸ்டிங்கில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும், ஒரே நேரத்தில் எத்தனை பக்கங்களைத் தயாரிக்கலாம் என்பதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி நிற்கும் டிரெய்லர் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இடம் இருக்கிறது, கப்பலும் நிற்கிறது. கேட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஆகும் நேரம்தான் பின்னால் இருப்பவர்களைக் காக்க வைக்கிறது. சைட் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ஒரு கனமான பிளகின் ஒவ்வொரு பக்கத்துக்கும் அரை விநாடி கூடுதலாக எடுத்தால், பத்தே பேர் வந்தாலும் வரிசை நீண்டுவிடும். வரம்பு தாண்டினால் திரையில் '508' என்ற பிழை எண்! கேச் பிளகின் செய்வது என்ன? தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து, அடுத்து வருபவரைக் கேட்டுக்கே போகவிடாமல் அனுப்பிவிடுகிறது.

இருபது பிளகின் இருந்தும் வேகம் குறையாது, ஒன்றே ஒன்று கவிழ்த்துவிடும்!

வேர்ட்பிரஸோடு சேர்ந்தே வரும் 'ஹலோ டாலி' என்ற பிளகினின் ஒரே வேலை, நிர்வாகப் பக்கத்தின் மூலையில் ஒரு பழைய பாட்டின் வரியைக் காட்டுவது. அது போல இருபது இருந்தாலும் பாரம் தெரியாது. ஆனால் 'இதையும் படியுங்கள்' என்று தொடர்புள்ள கட்டுரைகளைத் தேடித் தரும் சில பிளகின்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் தரவுத்தளத்தையே புரட்டுகின்றன. அந்த ரகத்துக்குத் தடைப்பட்டியல் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்களும் உண்டு!

அழித்த பிளகின் ஆவியாக உலவுவது தெரியுமா?

பிளகினை நீக்கினாலும் அதன் அமைப்புகள் தரவுத்தளத்தில் தங்கிவிடலாம். 'ஆட்டோலோட்' என்று குறிக்கப்பட்டவை ஒவ்வொரு முறை பக்கம் தயாராகும்போதும் நினைவகத்தில் ஏறும். போன வருடம் சோதித்துப் பார்த்துத் தூக்கிப்போட்ட பாப்-அப் பிளகின் இன்னும் சுமையாக இருக்கலாம்! இந்தக் குவியல் 800 கே.பி.-யைத் தாண்டினால் எச்சரிக்கும் வசதி 2024-ல் வந்த வேர்ட்பிரஸ் 6.6-ல் சேர்ந்தது. அந்த எச்சரிக்கை தெரியும் 'சைட் ஹெல்த்' பக்கத்தை என்றைக்காவது திறந்து பார்த்ததுண்டா?

வேர்ட்பிரஸின் கடிகாரம் தானாக ஓடாது!

நள்ளிரவு 12 மணிக்கு பேக்கப் எடுக்கச் சொல்லி பிளகினில் நேரம் வைக்கிறீர்கள். ஆனால் யாராவது சைட்டுக்கு வந்தால்தான் அந்தக் கடிகாரம் விழிக்கும்! விடியற்காலை மீன் விலை பார்க்க முதல் ஆள் வந்ததும், தேங்கிக் கிடந்த வேலைகள் எல்லாம் அப்போது கிளம்பும். ஹோஸ்டிங்கின் சி-பேனலில், ஆள் வராமலே நேரத்துக்கு இயங்கும் நிஜமான 'கிரான்' அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

5-க்கு அடுத்து 7, ஆறு எங்கே?

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்த வலைப்பக்கத்துக்காக எழுதி 1995-ல் வெளியிட்டதுதான் பி.எச்.பி. மொழி. வேர்ட்பிரஸ் ஓடுவதே அதன் மேல்தான். ஆறாம் பதிப்பு வெளிவரவே இல்லை! 2015 டிசம்பரில் வந்த ஏழாம் பதிப்போ ஏறக்குறைய இரட்டை வேகம். பதிப்பை மாற்ற ஹோஸ்டிங் பேனலில் சில கிளிக் போதும், காசும் கிடையாது. பலரால் மாற்ற முடியாமல் போவதற்குக் காரணம், கைவிடப்பட்ட ஏதோ ஒரு பழைய பிளகின்! அதனால் நிறுவும் முன் 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' என்ன என்று பாருங்கள்.

திருவொற்றியூர் என்று எழுத 42 பைட்!

யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். ஆங்கிலத்தில் அதே ஊர்ப் பெயருக்கு 12 பைட் போதும். பதற வேண்டாம்! நீங்கள் படிக்கும் இந்த முழுக் கட்டுரையும் சில பத்து கே.பி.-க்குள்தான், செல்போனில் எடுத்து அப்படியே ஏற்றும் 4 எம்.பி. படம் ஒன்றில் இது போல நூறு கட்டுரை அடங்கும். பாரம் எழுத்தில் இல்லை, படத்திலும் ஃபான்டிலும் இருக்கிறது. சைட்டின் தோற்றத்தை அமைக்கும் தீம், ஒரே தமிழ் ஃபான்டின் ஐந்து தடிமன்களைப் பயன்படுத்தினால், போன் ஐந்து கோப்புகளை இறக்க வேண்டி வரலாம். இரண்டு போதாதா?

டெமோவில் அசத்தும் தீம், பாரத்திலும் அசத்தும்!

ஸ்லைடர், அனிமேஷன், நாற்பது வகை முகப்பு என்று மயக்கும் தீம்கள், நீங்கள் தொடாத வசதிகளின் கோப்புகளையும் அனுப்பிவைக்கும். 2022 ஜனவரியில் வேர்ட்பிரஸ் 5.9-ஓடு வந்த பிளாக் தீம் முறை வேறு மாதிரி. பக்கத்தில் எந்தப் பிளாக் இருக்கிறதோ அதற்கான அலங்காரக் கோப்பு மட்டும் வரும்!

ஒளிக்கே நேரம் பிடிக்கும்!

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 2002-ல் இயங்கத் தொடங்கிய ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. போய்த் திரும்ப 32 மில்லி விநாடி. சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒரு சுற்றுக்கே 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். பிளகின்கள் அடுத்தடுத்துப் பத்துச் சுற்று கேட்டால் இரண்டு விநாடி காலி! தூரத்துச் சர்வரை நம்பினால் கேபிள் அறுகிற ஆபத்தும் உண்டு. 2008 ஜனவரி 30-ல் எகிப்து அருகே கேபிள்கள் அறுந்து இந்திய இணையமே தள்ளாடியது. இரண்டே நாளில் துபாய் அருகே இன்னொன்றும் அறுந்தது. சரிசெய்யப் போனவர்கள் அங்கே கண்டது, கைவிடப்பட்ட ஐந்தாறு டன் நங்கூரம்!

குற்றவாளியைப் பிடிக்கச் செலவே இல்லை!

சைட்டின் நகல் ஒன்றில் எல்லாப் பிளகினையும் அணைத்துவிட்டு பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் சோதியுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பிறகு ஒவ்வொன்றாக ஆக்டிவேட் செய்து, ஒவ்வொரு முறையும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பிளகினுக்குப் பிறகு எண் எகிறுகிறதோ, அந்த வித்தியாசம்தான் அந்த 'இலவச' பிளகினின் உண்மையான விலை!