வாங்கியவர் நாம், ஆள்பவர் யார்?

"இந்தக் கணினி தகுதியற்றது!"

தீர்ப்பு இது. விசாரணை நடந்ததா? இல்லை. வாதாட வாய்ப்பு உண்டா? அதுவும் இல்லை. 2016ஆம் ஆண்டு முதல் நம் வீட்டு மேசைமீது அமர்ந்து, நம் கட்டுரைகளையும் மகளின் பாடங்களையும் மின்கட்டண ரசீதுகளையும் முகங்கோணாமல் சுமந்துவந்த பெட்டியின் திரையில், ஒருநாள் மாலை அந்தத் தீர்ப்பு வந்து நின்றது. விண்டோஸ் 11 இயங்குவதற்கு வேண்டிய தகுதி இதற்கு இல்லையாம்!

விசையை அழுத்தினோம், எழுத்து விழுந்தது. பாடச் சொன்னோம், பாடிற்று. கணக்குக் கேட்டோம், நொடியில் சொல்லிற்று. உடலில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் தகுதியற்றது! உழுகின்ற மாட்டை அடிமாட்டுச் சந்தைக்கு ஓட்டச் சொல்கின்றனரே, ஏன்?

நடந்ததைக் கேளுங்கள். விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29ஆம் நாள். அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது 2025 அக்டோபர் 14ஆம் நாள். நிறுத்தியதன் பொருள், அன்று நள்ளிரவே கணினி மூச்சை விட்டுவிடும் என்பதன்று. அது ஓடும், ஆனால் காவல் இராது. இயங்குதளத்தில் புதுப்புது ஓட்டைகள் தென்படுவது வாடிக்கை. தென்படுந்தோறும் அடைத்துத் தருவது ஆக்கியோர் கடமை. அந்த அடைப்பு வேலைதான் நின்றது. கள்ளச்சாவி செய்பவன் ஓய்வு பெறவில்லை. பூட்டைச் சீர்செய்பவன் மட்டும் ஓய்வு பெற்றுவிட்டான்! ஓராண்டுத் தவணை உண்டு என்றும் அறிவித்தனர். தவணை எந்நாளும் தவணைதான்; அது தீர்வாகாது.

சரி, 11க்கே போய்விடுவோம் என்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் பிராசசராயின், சிற்சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். நம்முடையது ஆறாம் தலைமுறை. இந்த நிபந்தனைகள் பாதுகாப்பின் பொருட்டே என்கின்றனர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மறுக்க வரவில்லை நாம். ஆனால், கதவுக்குப் புதுப்பூட்டு வேண்டுமென்றால் வீட்டையே இடிக்கச் சொல்வானேன்?

கடைத்தெருவுக்குச் சென்றோம். "இதைப் பழைய விலைக்குத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கிடுங்க அண்ணே, நாற்பதாயிரத்துல முடிச்சுடலாம்" என்றார் கடைக்காரர். நாற்பதாயிரம்! பள்ளிக் கட்டணத்துக்கே நாட்காட்டியைப் பார்த்து நாளெண்ணும் குடும்பம் நம்முடையது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினோம். வழியெல்லாம் ஒரே கேள்வி: பணம் கொடுத்து வாங்கியவர் நாம், இதை ஆள்பவர் யார்?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டவர்கள் உண்டு. அமெரிக்க நாட்டு ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை விரும்பியவாறு பயன்படுத்தவும், உள்ளே எப்படி இயங்குகிறதெனப் பார்க்கவும், பிறர்க்குப் படியெடுத்துத் தரவும், திருத்தவும், திருத்தியதைப் பரப்பவும் மக்களுக்கு உரிமை வேண்டும் என்றார். 1991 ஆகஸ்ட் 25ஆம் நாள், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது இளைஞர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், அது வெறும் பொழுதுபோக்கே என்றும் உலகுக்கு அறிவித்தார். அந்தப் பொழுதுபோக்கின் பெயர்தான் லினக்ஸ். ஸ்டால்மன் வகுத்த உரிமத்தின்கீழ் அதனை அவர் வெளியிட்டார். மாணவன் போட்ட விதை. உலகமெங்குமுள்ள உழைப்பாளர் வார்த்த நீர். இன்று அது ஆலமரம்!

"அது அறிஞர்களுக்கு, நமக்கெதற்கு?" என்பார் உண்டு. ஐயா, உங்கள் சட்டைப்பையிலிருப்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியா? அதன் அடித்தளம் லினக்ஸ். 2017 நவம்பர்ப் பட்டியல் வெளியானபோது, உலகின் அதிவேகக் கணினிகள் 500லும் லினக்சே இருந்தது. பையிலே வைத்துக்கொண்டு, பார்த்ததேயில்லை என்கின்றீர்களே!

இனி, நாம் செய்ததைச் சொல்வோம்.

லினக்சில் பல வகை உண்டு. விண்டோசில் பழகிய கைக்கு எளிதானதென்று பலரும் சொல்லும் 'லினக்ஸ் மிண்ட்' என்பதைத் தேர்ந்தோம். விலை இல்லை. இணையத்திலிருந்து இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் ஏற்றினோம். கணினியைத் தொடங்கும்போது எப்12 விசையை அழுத்தி (இது கணினிக்குக் கணினி மாறும்) பென் டிரைவிலிருந்தே இயக்கினோம். இதிலுள்ள பேருதவி என்னவெனில், ஹார்ட் டிஸ்க்கில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல் முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். குடிபோகுமுன் வீட்டைத் திறந்துகாட்டும் நல்ல உரிமையாளர் போல! வைஃபை கிடைத்தது. பிரிண்டர் அச்சிட்டது. லிப்ரே ஆபீஸ் காத்திருந்தது. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துத் தட்டினோம், தமிழ் வந்தது.

மகிழ்ச்சி மேலிட, "நிறுவு" என்பதைத் தொட்டோம். "வட்டிலுள்ள அனைத்தையும் அழித்துவிட்டு நிறுவவா?" என்று கேட்டது. வெளியே ஒரு தனி வட்டில் எல்லாவற்றையும் முன்னமே படியெடுத்து வைத்திருந்தோம். ஆகவே அச்சமில்லை. ஆயினும் கை நின்றது. ஒரேயொரு கோப்பைத் திறந்து பார்த்துவிடுவோம் என்றது மனம்.

நம் தந்தையார் மறைந்து ஆறாண்டுகள் ஆகின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். ஓய்வுக்குப் பின், தம் இளமைக்கால நினைவுகளைத் தாமே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, நாற்பத்திரண்டு பக்கங்கள் விட்டுச் சென்றார். படியெடுத்த வட்டில் அந்தக் கோப்பைத் திறந்தோம்.

தமிழ் இல்லை! ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து, எறும்புக்கூட்டத்தைக் கலைத்துவிட்டதுபோல் நாற்பத்திரண்டு பக்கங்கள்! நெஞ்சு ஒரு கணம் நின்றே போயிற்று.

நிறுவலைக் கைவிட்டு விண்டோசுக்கே திரும்பினோம். அங்கே திறந்தால் தந்தையார் தெளிவாகப் பேசுகின்றார்! நெடுநேரம் துருவிய பின்னர்தான் புரிந்தது. தந்தையார் தட்டியது ஒருங்குறித் தமிழில் அன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்த பழைய எழுத்துரு ஒன்றில். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல். பிழை லினக்சினுடையதன்று, விண்டோசினுடையதும் அன்று. எழுத்துருவையும் உடன் படியெடுக்காத நம்முடையது.

எழுத்துருக் கோப்பைப் படியெடுத்துக்கொண்டு வந்து லினக்சில் வைத்தோம். தந்தையார் மீண்டும் பேசினார். பின்னர், மாற்றுக்கருவி ஒன்றின் துணையால் அந்நினைவுகளை ஒருங்குறிக்கு மாற்றி, பக்கம் பக்கமாகச் சரிபார்த்தோம். இனி எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் அவர் பேசுவார். அதன் பிறகே அந்தப் பொத்தானை அழுத்தினோம். அரைமணியில் வேலை முடிந்தது.

அன்றிரவு நாம் கற்ற பாடம் இது: ஓர் எழுத்துருவுக்குள் அடைபட்ட தமிழ், அந்த எழுத்துருவோடு அழியும். ஒரு நிறுவனத்தின் கால அட்டவணைக்குள் அடைபட்ட கணினி, அந்த அட்டவணையோடு முடியும். எல்லார்க்கும் பொதுவான முறையில் எழுதியதே நிலைக்கும்.

மாற்றார் மூன்று கேள்விகளை வீசுகின்றனர்.

"டேலி ஓடுமா? போட்டோஷாப் ஓடுமா?" நேர்மையாகவே விடை கூறுவோம். அவை லினக்சுக்கென ஆக்கப்பட்டவை அல்ல. 'ஒயின்' என்னும் கருவி வழியே விண்டோஸ் நிரல்கள் சில ஓடும், சில ஓடா. அவற்றை நம்பிப் பிழைப்பு நடத்துவோர் அவசரப்படலாகாது. சில பிரிண்டர்களும் முரண்டு பிடிக்கும். வேர்டில் செய்த சிக்கலான அட்டவணைகள் லிப்ரே ஆபீசில் சற்றே இடம்பெயரும். நம் வீட்டுத் தேவைகள் எழுத்து, படிப்பு, படம், இணையம் ஆகிய நான்கே. ஆதலின் நமக்கு இழப்பில்லை. உங்கள் தேவைகளை முதலில் எழுதிப் பாருங்கள்.

"ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி லினக்சை விட்டு ஓடியதே?" ஆம். 2003இல் மாற முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2013இல் பணியை முடித்த அந்த நகராட்சி, 2017இல் விண்டோசுக்கே திரும்பத் தீர்மானித்தது. மறைக்கவில்லை நாம். ஆனால் அதே ஜெர்மனியில், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, தன் 30,000 கணினிகளை லிப்ரே ஆபீசுக்கும் தொடர்ந்து லினக்சுக்கும் மாற்றப்போவதாக 2024இல் அறிவித்ததே, அதை ஏன் சொல்வதில்லை? நம் அண்டை மாநிலமாம் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்சில் கணினிக் கல்வி கற்று வருகின்றனரே, அதை ஏன் பார்ப்பதில்லை?

"தமிழ்நாட்டில் செல்லுமா?" நல்ல கேள்வி! 2007இலேயே 'போஸ்' என்னும் லினக்சைச் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் வெளியிட்டனர். 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பெட்டிகளில் விண்டோசோடு அதுவும் இடம்பெற்றது. கதவு இரண்டு இருந்தன. இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்? திறந்துபார் என்று சொல்லிக்கொடுத்தவர் எத்தனை பேர்? குறை கருவியிலா, நம்மிலா?

இன்னொன்றையும் சொல்வோம். லினக்சின் பட்டியல்களைத் தமிழிலேயே காட்டச் செய்யலாம். முழுமையாக இராது, இடையிடையே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். அங்குள்ள தமிழ், கூலி பெறாத தொண்டர் பலர் சொல் சொல்லாகச் சேர்த்தது. மிச்சத்தை முடிக்க எவரிடமும் விண்ணப்பம் நீட்ட வேண்டியதில்லை. நீங்களே செய்யலாம், உங்கள் மகன் செய்யலாம், நம் மகள் செய்யலாம். இலவசம் என்பதால் நாம் இதனைப் பாராட்டவில்லை. இலவசத்தைத் தருபவன் நாளை பறிக்கலாம். இது உரிமை, பறிக்க முடியாது.

ஆகவே, பரணில் தூக்கிப் போட்ட பெட்டியை இறக்குங்கள். முதலில் படியெடுங்கள், எழுத்துருவையும் சேர்த்து. எடுத்த படியைத் திறந்து பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மனம் நிறைந்தால் நிறுவுங்கள்; நிறையாவிடில் பென் டிரைவைக் கழற்றுங்கள், இழப்பு ஏதுமில்லை.

இதோ, தகுதியற்றதெனத் தள்ளப்பட்ட அதே பெட்டியில்தான் இக்கட்டுரை தட்டப்பட்டது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, தாத்தாவின் நாற்பத்திரண்டு பக்கங்களில் எட்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள் நம் மகள்.

வாங்கியவர் நாம், ஆள்பவரும் நாமே!