நாயா, நீர்நாயா?

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகின்றன. இப்படிப்பட்ட ஆற்றின் கரையிலோ முகத்துவாரத்திலோ நீர்நாய் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளைக் கண்டால் முங்கிவிடும் பிராணி, தேடவேண்டியது தடயத்தைத்தான்.

ஈரமணலில் கால்தடத்தின் விரல்களை எண்ணுங்கள். நாயின் தடத்தில் நான்கு விரல்கள். நீர்நாய்க்கு ஐந்து, இடையில் சவ்வு. அடுத்தது எச்சம். மீன்செதிலும் முள்ளும் நண்டு ஓடும் கலந்து, கவிச்சை வீசும். காவிரியில் வாழும் வழுவழு நீர்நாய்கள் கூட்டமாக ஒரே இடத்தில் எச்சமிடும், அதுவும் பாறைமேலோ மணல்திட்டிலோ, எல்லோர் கண்ணிலும் படும்படி. ஏன்? அந்த வாசனைதான் அவற்றின் அறிவிப்புப் பலகை: இங்கே இன்ன குடும்பம் இருக்கிறது. நமக்கு அருவருப்பு, ஆய்வாளருக்குப் புதையல். உலர்ந்த எச்சத்தை உதிர்த்தால் எந்த மீனைத் தின்றது என்பதுவரை தெரியும்.

சிங்கப்பூரில் 1998இல் சுங்கை பூலோ சதுப்பில் மீண்டும் தலைகாட்டிய இதே இனம், இன்று நகர நடுவே மரினா பேயில் குட்டிகளோடு திரிகிறது. கான்கிரீட் பொருட்டில்லை; மீன் வேண்டும், ஒளிய இடம் வேண்டும். அதனால் கடலோர ஆலைகளின் பக்கமும் தேடலாம்: அங்கே பாறைக்கரைகளில் பொந்து கிடைக்கும், வேலி இருப்பதால் ஆள் நடமாட்டமும் குறைவு. ஆனால் கடலில் இரைதேடும் நீர்நாய்க்கு நன்னீர்க் குளியல் கட்டாயம். உப்புப் படிந்தால் ரோமம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே காற்று தங்காது, உடல் குளிர்ந்துவிடும். ஆகவே ஆலைப்பக்கம் தேடுகிறவர் முதலில் போகவேண்டியது நன்னீர் ஓடைக்கரைக்கு.