கூதிர்காலக் கைத்தொழில்: வண்ணம் தீட்டிய மண்தொட்டிகள்

தமிழர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். மேல்நாடுகளில் மரங்கள் இலை உதிர்க்கும் பருவமும் ஏறத்தாழ இதே திங்கள்களில் வருகிறது. அங்கே மக்கள் மண்தொட்டிகளுக்குச் செம்மஞ்சள் வண்ணம் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாயிற்படியில் வைத்து அறுவடைக் காலத்தைக் கொண்டாடுகின்றனர். நம் நாட்டில் அப்போது இலை உதிர்வதில்லை, மழை பொழிகிறது. ஆயினும் வீட்டை அலங்கரிக்கும் பருவம் நமக்கும் இதுவே. புரட்டாசியில் நவராத்திரிக் கொலு, ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் விளக்கீடு என அடுத்தடுத்து வரும் திருநாட்களுக்கு மண்பண்டங்கள் வேண்டியிருக்கின்றன.

அரியூரிலும், அதனைச் சூழ்ந்த வில்லியனூர்க் கொம்யூன், பாகூர்க் கொம்யூன் சிற்றூர்களிலும் வாழும் நம் அங்கத்தினர்களுக்கு இப்பருவம் மகிழ்ச்சியோடு நெருக்கடியையும் கொண்டுவருகிறது. புதுச்சேரிப் பகுதி தன் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று திங்கள்களிலேயே பெறுகிறது. அந்நாட்களில் நெசவாளர் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த இயலாது. குழித்தறியில் நீர் ஊறிவிடும். நட்ட வயலில் தேங்கும் நீரை வடிப்பதே உழவர்க்குப் பெரும்பாடாகும். குயவரின் நிலையோ இவ்விருவரினும் கடினமானது. அவருடைய பண்டத்தை ஊரார் தேடிவரும் நாட்களில்தான் அவருடைய சக்கரம் நின்றுபோகிறது.

இம்மூவரின் இடரையும் ஒருங்கே சிறிதளவேனும் குறைக்கத்தக்க உபதொழில் ஒன்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். கோடையில் சுட்டெடுத்த எளிய பூந்தொட்டிகளை முன்னதாக வாங்கிவைத்து, மழைநாட்களில் கூரையின்கீழ் அமர்ந்து வண்ணம் தீட்டி, திருநாள் அலங்காரப் பொருள்களாக விற்பதே அது. தொழில் எளியது, முதலும் சிறியது. ஆனால் தொட்டியை எப்போது வாங்குகிறோம், என்ன விலை கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே அது குயவருக்கு உதவியாகவோ ஊறாகவோ முடியும்.

மண்ணின் பெருமை

வண்ணமும் வரியும் இட்ட மண்கலம் இப்பகுதிக்குப் புதிதன்று. அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், வட்டவட்டமாக வரியிட்ட மண்தட்டுகளின் ஓடுகள், உரோமானிய நாட்டுக் கலங்களின் ஓடுகளோடு கிடைத்தன. புதுச்சேரி நகரின் குயவர்பாளையம் இத்தொழிலின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அவ்வூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றது.

பெருமை இவ்வளவு இருந்தும், சாதாரணப் பூந்தொட்டி வனைபவரின் வருவாய் மழையின் தயவிலேயே இருக்கிறது. இதன் காரணத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். வனைந்த பச்சைக் கலம் முதலில் நிழலில் சீராக உலர வேண்டும். ஈரம் மிஞ்சிய கலத்தைச் சூளையில் வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கலத்தை வெடிக்கச் செய்யும். சூளையில் வெப்பம் ஏறத்தாழ 600 பாகை செல்சியசைத் தாண்டிய பின்னரே மண் மீண்டும் சேறாகாத தன்மையை அடைகிறது. அதற்கு முன் நீர் பட்டால் உழைப்பனைத்தும் சேறுதான். மழைநாளில் கலம் உலராது. விறகும் வரட்டியும் நனையும். சூளையை மூட வைக்கோலும் கிட்டாது.

2024ஆம் ஆண்டினை நினைவுகூர்வோம். நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அவ்வாண்டின் கார்த்திகைத் தீபத் திருநாள் டிசம்பர் 13. புயலுக்கும் தீபத்திற்கும் இடையே பதின்மூன்றே நாட்கள். அந்த ஈரத்தில் புதிதாக வனைந்து, உலர்த்தி, சுட்டு, சந்தைக்குக் கொண்டுவருதல் எளிதாகுமா? ஆகவே இத்தொழிலின் முதல் விதி இது: தொட்டிகளை ஆடிக்குள் சுட்டெடுத்துவிட வேண்டும். அதற்கான முன்பணம் சித்திரை, வைகாசியிலேயே குயவர் கைக்குச் சேர வேண்டும்.

தொட்டியைத் தேர்தல்

வாங்கும் தொட்டியை விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். நன்கு வெந்தது கணீரென ஒலிக்கும். கீறல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். அடியில் நீர் வடியும் துளை இருத்தல் வேண்டும். தேர்ந்த தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாட்கள் நன்றாக உலரவிடுங்கள். ஈரத் தொட்டியில் பூசிய வண்ணம் தங்காது.

செடி வைக்கும் தொட்டியையும் அழகுக்கு மட்டும் வைக்கும் தொட்டியையும் தொடக்கத்திலேயே வேறுபடுத்திவிட வேண்டும். மண்தொட்டியின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள. அவற்றின் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. வேருக்குக் காற்றும் கிடைக்கிறது. தொட்டி முழுவதையும் எண்ணெய் வண்ணத்தால் மூடிவிட்டால் இவ்வழி அடைபடும். மழைக்காலத்தில் மண் ஈரம் காயாமல் வேர் அழுகும். உள்ளே தேங்கிய ஈரமும் உப்பும் வெளியேற முயன்று, பூசிய வண்ணத்தைக் கொப்புளமாக எழுப்பி உரித்துவிடும். எனவே செடித் தொட்டியின் உட்புறத்திலும் அடியிலும் வண்ணம் கூடாது. வெளியே விளிம்பிலும் நடுவிலும் பட்டைகள் மட்டும் தீட்டினால் போதும். செடி வைக்காத தொட்டிக்கு இக்கட்டுப்பாடு இல்லை.

வண்ணமும் கோலமும்

விலையுயர்ந்த வண்ணங்கள் தேவையில்லை. வெண்மைக்கு நீர்த்து வடிகட்டிய சுண்ணாம்பு, செம்மைக்குச் செங்காவி, மஞ்சளுக்கு மஞ்சள் காவி. சமையல் மஞ்சளைச் சுண்ணாம்போடு சேர்த்தால், ஆரத்தித் தட்டில் காண்பதுபோல் அது சிவந்துவிடும். தனியே பூசினாலும் வெயிலில் வெளிறும். நீலத்திற்குச் சுவர் வெள்ளையடிப்பில் சேர்க்கும் நீலமே போதும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியின் நீலத்துணி ஆப்பிரிக்காவின் செனெகல் வரை சென்று விலைபோனது. நீலம் நமக்கு அந்நிய நிறமன்று.

காவி ஒட்டிக்கொள்ளப் பசை வேண்டும். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை பொம்மைத் தொழிலில் நெடுங்காலமாகப் பயன்படுவது. நெசவாளர் வீட்டில் பாவுக்குக் காய்ச்சும் கஞ்சியும் உதவும். இவ்வண்ணங்கள் மழைச்சாரலில் கரையும் என்பதால் திண்ணையிலும் கூடத்திலும் வைக்கும் பொருள்களுக்கே ஏற்றவை. கடை வண்ணம் வாங்குவோர் ஈயம் கலந்ததை அறவே தவிர்க்க வேண்டும். வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைகள் தொட்டு விளையாடும் கொலுப் பொருள்களுக்கு இது மிகமிக இன்றியமையாதது.

சித்திரம் பயிலாதவர் தயங்க வேண்டுவதில்லை. வாசலில் புள்ளிக்கோலம் இடும் கை தொட்டியிலும் இடும். நெசவாளருக்கோ ருத்ராட்சக் கரையும் மயில்கண் கரையும் மனப்பாடம். சேலைக் கரையைத் தொட்டியின் விளிம்பைச் சுற்றி ஓட்டுவதே போதிய அழகு. கோயில் மதிலின் வெள்ளையும் காவியுமான பட்டைகளும் கண்ணுக்கு இனியவை.

செய்யத்தக்க சில

முதலாவது, அடுக்குத் தொட்டி. பெரிது, நடு, சிறிது என மூன்று தொட்டிகளைக் கவிழ்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் அகலை வைப்பது. கார்த்திகைக்கு இது மிகப் பொருந்தும்.

இரண்டாவது, கதிர்த் தொட்டி. தொட்டியின் கழுத்தில் தறியில் மிஞ்சும் வண்ண நூற்கழிவைச் சுற்றி, உள்ளே காய்ந்த நெற்கதிர்க் கொத்தினைச் செருகுவது. உழவர் வயலும் நெசவாளர் தறியும் இதில் ஒன்றுசேர்கின்றன. நூலும் கதிரும் எளிதில் தீப்பற்றும். விளக்கின் அருகில் இதனை வைத்தலாகாது.

மூன்றாவது, பரங்கித் தொட்டி. சிறு தொட்டியைக் கவிழ்த்துச் செம்மஞ்சள் பூசி, மேலிருந்து கீழாகக் காவிக் கோடுகள் இழுத்து, அடித்துளையில் காய்ந்த காம்பினைச் செருகினால் பரங்கிக்காய் ஆயிற்று. கொலுவில் செட்டியார் பொம்மையின் கடை முன்னே வைக்கலாம். பள்ளிச் சிறுவரும் செய்வர்.

நான்காவது, செடித் தொட்டி. சாமந்தி, துளசி, கோழிக்கொண்டை ஆகியவற்றைப் பட்டை தீட்டிய தொட்டியில் நட்டுச் செடியோடு விற்பது. உழவர் குடும்பத்துப் பெண்களுக்கு ஏற்றது.

கணக்கு

கணக்கினை விளக்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நூறு தொட்டிகள், தொட்டி ஒன்று 20 ரூபாய் வீதம், குயவருக்கு 2,000 ரூபாய். வண்ணம், பசை, நூல் முதலியன 500. தீட்டுபவர் கூலி தொட்டிக்கு 10 வீதம் 1,000. ஆக, செலவு 3,500 ரூபாய். ஐந்து தொட்டிகள் உடைந்தன எனக் கொண்டு, எஞ்சிய 95ஐயும் 50 ரூபாய் வீதம் விற்றால் வரவு 4,750. மிச்சம் 1,250 ரூபாய்.

இந்த 1,250 ரூபாய் யாரைச் சேரும் என்பதே கேள்வி. தனி வியாபாரி நடத்தினால் அது முழுவதும் அவருடைய பையில் விழும். கூட்டாக நடத்தினால், 250 ரூபாயைச் சேமநிதியில் வைத்து, மீதி ஆயிரத்தைக் குயவரும் தீட்டியவரும் சரிபாதியாகப் பகிரலாம். அப்போது குயவரின் வரவு 2,500. தீட்டியவரின் வரவு 1,500. உடைந்த ஐந்தின் நட்டம் ஒருவர் தலையில் மட்டும் விழாமல் பொதுக்கணக்கில் கழிந்துவிடுகிறது. வண்ணம் தீட்டியதால் விலை கூடியது உண்மை. ஆனால் வனைந்த கை இல்லையேல் தீட்டுவதற்கு எதுவுமில்லை. குயவரை வெறும் சரக்கு விற்பவராக நிறுத்தாமல், பங்காளியாகச் சேர்த்துக்கொள்வதே கூட்டுறவாகும்.

நிர்வாகக் குழுவினர்க்கு இரண்டு சொற்கள். நெசவாளர் சங்கம் மண்பண்ட வியாபாரம் செய்யத் துணைவிதிகளில் இடமுண்டா என்று முதலில் பார்த்துக்கொள்க. இல்லையெனில், மகளிர் சுய உதவிக் குழுவினர் தொழிலை நடத்தட்டும். சங்கம் இடம் மட்டும் தந்து உதவலாம். மேலும், வண்ணத் தொட்டிகள் அனைத்தையும் ‘வில்லியனூர்ச் சுடுமண்’ என்று பெயரிட்டு விற்றல் தகாது. புவிசார் குறியீட்டுப் பெயரை, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற பயனாளரே வழங்க உரியவர். அப்பெயரைக் காப்பது நம் அண்டை ஊராரின் பிழைப்பைக் காப்பதாகும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் இப்பொருளை நிகழ்ச்சிநிரலில் சேர்த்திடுக. பெருமுயற்சியாக வேண்டாம், நூறு தொட்டிகளோடு தொடங்கி, கார்த்திகை முடிந்ததும் வரவுசெலவைக் குயவர், தீட்டியவர் முன்னிலையில் படித்துக்காட்டினால் போதும். மிச்சம் கண்டால் மறு சித்திரையில் முன்பணத்தை உயர்த்தலாம். வானம் இருண்டபின் குயவர் வாயிலில் நின்று பயனில்லை. வெயில் உள்ளபோதே அவர் கையில் பணம் இருத்தல் வேண்டும்.