மணல் வரும் கிணற்றுக்கு எந்த இம்பெல்லர்?

நெய்வேலியில் 1957-ஆம் ஆண்டு சுரங்க வேலை தொடங்கியபோது, பழுப்பு நிலக்கரிக்கு மேலே கடினமான கடலூர் மணற்கல் கிடந்தது. மண் வெட்டும் இயந்திரங்களின் எஃகுப் பற்களையே அது விரைவில் தேய்த்துவிட்டது. பாறையை வெடி வைத்துத் தளர்த்தியும், பற்களின் மேல் கடின உலோகத்தைப் பற்றவைத்தும் வேலை தொடர்ந்தது. 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது.

விருத்தாசலம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவும் இதே மணற்கல் அடுக்கிலிருந்துதான் நீர் எடுக்கின்றன. எஃகைத் தேய்த்த மணல் பம்பையும் தேய்க்கும். இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே சந்து அகன்றால், ஏற்றிய நீர் பம்புக்குள்ளேயே திரும்பிவிடும். மோட்டார் வழக்கம்போல் ஓடும். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது.

முதலில் பம்பு ஓடும்போது ஒரு வாளி நீர் பிடித்து, அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் மணல் படிந்தால், பம்பை மாற்றுமுன் கிணற்றைக் கவனிப்பது நல்லது. வடிகுழாயின் கண் பெரிதாக இருந்தாலும், ஊற்றின் அளவுக்கு மீறி இறைத்தாலும் மணல் வரும். குதிரைத்திறன் கூடிய மோட்டார் அதை மேலும் கூட்டும்.

அடுத்து பாகங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

வார்ப்பிரும்பு: விலை குறைவு, தெளிந்த நீருக்குப் போதும். துருவும் மணலும் சேர்ந்தால் சீக்கிரம் அரித்துவிடும்.

வெண்கலம், துருப்பிடிக்காத எஃகு: விலை கூடுதல். துரு ஏறாது. மணலுக்கு எஃகே கூடுதலாகத் தாங்கும்.

நோரில்: கண்ணாடி இழை கலந்த கலப்புப் பிளாஸ்டிக். எடை குறைவு, துரு கிடையாது. மெல்லிய மணல் சிறிதளவு வந்தால் தாங்கும். பருமணல் தொடர்ந்து வந்தால் விளிம்பு தேயும். நீரின்றி ஓடினால் சூட்டில் உருக்குலையும்.

ரப்பர் புஷ்: மணல் துகள் பட்டால் ரப்பர் அமுங்கிக் கொடுக்கும்; துகள் காடி வழியே நீரோடு வெளியேறும். ஆகவே மணல் கிணற்றுக்கு ஏற்றது. இதற்கும் நீர்தான் உயவு. வறண்டு ஓடினால் கருகிவிடும். நீர் வற்றியதும் மோட்டாரை நிறுத்தும் கருவி அவசியம்.

கழற்றிய பழைய இம்பெல்லரைக் காயலான் கடைக்குப் போட அவசரம் வேண்டாம். விளிம்பு கத்திபோல் மெலிந்திருந்தால் மணல் காரணம். புள்ளி புள்ளியாகக் குழி விழுந்து துரு ஏறியிருந்தால் நீரின் தன்மை காரணம். அதைக் கடைக்கு எடுத்துச் சென்று காட்டி வாங்கினால், அடுத்த கோடையில் பம்பைத் தூக்கும் செலவு மிச்சமாகும்.