பெட்டியோடு சேர்ந்து போகும் புகைக் கணக்கு!

திருப்பூரில் தைக்கும் டி-ஷர்ட்டுகள் கடல் தாண்டி ஐரோப்பாக் கடைகளுக்குப் போகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, கண்டெய்னரில் ஏற்றி, சீல் வைத்து அனுப்புவார்கள். கூடவே ஒரு கட்டுக் காகிதமும் போகும். எத்தனை பெட்டி, என்ன எடை, என்ன விலை, எந்தக் கப்பல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம்.

சில ஆண்டுகளாக அந்தக் கட்டில் இன்னொரு காகிதத்தையும் வெளிநாட்டு வியாபாரிகள் பலர் கேட்கிறார்கள். 'இந்தச் சரக்கு உங்களிடம் வந்து சேருவதற்குள் இத்தனை கிலோ கரியமில வாயு காற்றில் கலந்தது' என்று சொல்லும் காகிதம் அது. பெயர், கார்பன் அறிக்கை.

பூமி சூடாவதற்குக் கரியமில வாயு ஒரு பெரிய காரணம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உலகம் வெளியிடும் அந்த வாயுவில் நூற்றுக்கு மூன்று பங்கு போலக் கப்பல்களில் இருந்து வருகிறது. அதனால்தான் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பிரான்ஸ் நாட்டில் 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. சரக்கை ஏற்றிச் செல்பவர், அதற்கான கரியமில வாயு எவ்வளவு என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்கள் 2018 முதல் கணக்கு வைக்கின்றன. 2024 முதல் அந்த வாயுவுக்குக் காசும் கட்ட வேண்டும்! காசு என்று வந்துவிட்டால் கணக்கைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும் அல்லவா? வாருங்கள், நாமும் படித்துப் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

உள்ளே 840, வெளியே 2,640!

முதலில் ஒரு விந்தை. ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோகூடக் கிடையாது. சுமார் 840 கிராம்தான். ஆனால் அதை எரித்தால் வெளியே வரும் கரியமில வாயுவின் எடை ஏறக்குறைய 2,640 கிராம். போட்டதைவிட மூன்று மடங்கு எப்படி வரும்? மந்திரமா?

மந்திரம் எல்லாம் இல்லை. அந்த 840 கிராமில் சுமார் 720 கிராம் கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றில் உள்ள இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பன் அணுவின் எடை 12 என்றால், ஆக்ஸிஜன் அணுவின் எடை 16. இரண்டு ஆக்ஸிஜனுக்கு 32. மொத்தம் 44. அதாவது, 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு கிடைக்கும். இப்போது 720-ஐ 12-ஆல் வகுத்து, 44-ஆல் பெருக்கிப் பாருங்கள். 2,640 வருகிறதா? கூடுதல் எடை லாரியின் டேங்கில் இருந்து வரவில்லை. நம்மைச் சுற்றி இருக்கும் காற்றில் இருந்து வந்தது!

லாரிக்குப் பின்னால் வருமே கறுப்புப் புகை, அது வேறு. அது கரித்தூள். கரியமில வாயு கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் அதைப் பார்த்து அளக்காமல், எரிந்த எண்ணெயைக் கொண்டு கணக்குப் போடுகிறார்கள்.

அறிக்கையில் அடிக்கடி வரும் ஒரு சொல் 'டன்-கிலோமீட்டர்'. பயந்துவிடாதீர்கள். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் தூக்கிச் சென்றால் அது ஒரு டன்-கிலோமீட்டர். பத்துக் குடம் தண்ணீரை ஒரு தெரு தூரம் சுமப்பதும், ஒரு குடத்தைப் பத்துத் தெரு தூரம் சுமப்பதும் ஏறக்குறைய ஒரே வேலைதானே! அப்படித்தான் இதுவும். எடையையும் தூரத்தையும் பெருக்கினால் வேலையின் அளவு தெரிந்துவிடும். அந்த வேலைக்கு எத்தனை கிராம் வாயு என்பதுதான் அறிக்கையின் உயிர்.

பெரிய கண்டெய்னர் கப்பல் ஒரு டன்-கிலோமீட்டருக்குச் சுமார் 10 முதல் 20 கிராம் வெளியிடும். பெரிய லாரி நூறு கிராமுக்கு முன்னே பின்னே. சரக்கு விமானமோ 500 கிராமுக்கும் மேல்!

ஒரே லாரி, இரண்டு கணக்கு

திருப்பூரில் இருந்து தூத்துக்குடித் துறைமுகம் சுமார் 350 கி.மீ. ஒரு லாரி 10 டன் டி-ஷர்ட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. லிட்டருக்கு 4 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேர ஏறக்குறைய 88 லிட்டர் டீசல். வாயு 232 கிலோ. செய்த வேலை 10 பெருக்கல் 350, அதாவது 3,500 டன்-கிலோமீட்டர். வகுத்தால் 66 கிராம். அடடே, நல்ல லாரி!

ஆனால் சரக்கை இறக்கிய பிறகு அந்த லாரி எங்கே போகும்? துறைமுகத்திலேயே நின்றுவிடுமா? ஊர் திரும்ப வேண்டாமா? ரிட்டர்ன் லோடு கிடைத்தால் டிரைவருக்கு மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் காலியாகத்தான் வர வேண்டும். காலி லாரி லிட்டருக்கு 5 கி.மீ. ஓடினாலும் 70 லிட்டர் ஆகும். அதற்கு 185 கிலோ வாயு. இரண்டையும் கூட்டினால் 417 கிலோ. அதே 3,500-ஆல் வகுத்தால் 119 கிராம்!

அதே லாரி, அதே சாலை, அதே பெட்டி. ஒரு தாளில் 66, இன்னொரு தாளில் 119. காலி ஓட்டத்தையும் மறைக்காமல் எழுதிய லாரிக்காரர் 'அதிகப் புகை விடுபவர்' போலத் தெரிவார். எழுதாமல் விட்டவர் நல்ல பெயர் வாங்கிவிடுவார். 'குறைவான எண் கொடுப்பவருக்கே வேலை' என்று வாங்குகிறவர் முடிவு செய்தால், உண்மை சொன்னவருக்கு வேலை போய்விடும். என்ன அநியாயம்!

இப்படி ஆளுக்கு ஒரு கணக்குப் போடக்கூடாது என்றுதான் 2023-ல் ஐ.எஸ்.ஓ. 14083 என்ற உலகத் தர விதி வெளிவந்தது. சரக்கோடு போனது மட்டுமல்ல, அதற்காகக் காலியாக ஓடியதும் கணக்கில் வர வேண்டும் என்கிறது அது. ஆகவே, ஒரு கார்பன் அறிக்கை உங்கள் கையில் கிடைத்தால் பெரிய எழுத்தில் உள்ள எண்ணை முதலில் பார்க்காதீர்கள். எந்த விதிப்படி போட்ட கணக்கு என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் பாருங்கள்.

ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு?

ஒரு டி-ஷர்ட் 200 கிராம் என்றால், ஒரு டன்னில் 5,000 டி-ஷர்ட் இருக்கும். அந்த ஒரு டன்னோடு நாமும் பயணம் போவோமா?

தூத்துக்குடி வரை லாரியில் 42 கிலோ வாயு. அங்கிருந்து 'ஃபீடர்' எனும் சிறிய கப்பலில் கொழும்பு. கொழும்பில் பெரிய தாய்க்கப்பலுக்கு மாறி, செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாக நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகம். கடல் வழி மொத்தம் ஏறக்குறைய 13,000 கி.மீ. கிலோமீட்டருக்கு 10 கிராம் என்று வைத்தால் 130 கிலோ. லாரியையும் கப்பலையும் கூட்டினால் 172 கிலோ. 5,000 டி-ஷர்ட்டுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்கு சுமார் 34 கிராம்தான்!

சரி, தைத்து முடிக்கத் தாமதமாகிவிட்டது. கப்பலை நம்பினால் பண்டிகை முடிந்துவிடும். 'விமானத்தில் அனுப்புங்கள்' என்று கடைக்காரர் அவசரப்படுத்துகிறார். சென்னையில் இருந்து சுமார் 8,000 கி.மீ. கப்பலைவிடக் குறைந்த தூரம்தான். ஆனால் கிலோமீட்டருக்கு 600 கிராம் என்று வைத்தால் 4,800 கிலோ. ஒரு டி-ஷர்ட்டுக்கு 960 கிராம்! சட்டையின் எடையைப் போல ஐந்து மடங்கு வாயு. விமான நிலையம் வரை ஓடிய லாரியை இதில் சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கில் நாம் 'என்று வைத்தால்' என்று சொல்லிக்கொண்டே வந்தோம், கவனித்தீர்களா? நிறைய அறிக்கைகளும் அப்படித்தான் தயாராகின்றன. உண்மையில் எரிந்த எண்ணெயை அளக்காமல், புத்தகத்தில் உள்ள சராசரி எண்ணை எடுத்துப் பெருக்கிவிடுவார்கள். அது தவறில்லை, தோராயம். ஆனால் தோராயம் சில நேரம் காலை வாரிவிடும். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியது. அதனால் 2024-ல் பெரும்பாலான பெரிய கண்டெய்னர் கப்பல்கள் சூயஸ் பக்கம் போகாமல், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போயின. நம் டி-ஷர்ட் பாதையில் மட்டும் 6,000 கி.மீ.க்கும் மேல் கூடுதல்! பழைய தூரத்தையும் புத்தக எண்ணையும் பெருக்கினால் தாளில் அதே 130 கிலோ வரும். கப்பல் சுற்றிப் போனதை வைத்துக் கணக்கிட்டால் 190 கிலோவைத் தொடும். இதனால்தான் நல்ல அறிக்கையில் 'அளந்த எண்ணா, சராசரி எண்ணா' என்று தனியாகக் குறித்திருப்பார்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். 'கிணறு முதல் சக்கரம் வரை' என்று சில அறிக்கைகளில் எழுதியிருக்கும். இது தண்ணீர்க் கிணறு அல்ல, எண்ணெய்க் கிணறு! எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, பங்குக்குக் கொண்டு வரும்வரை ஆகும் வாயுவையும் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிச் சேர்த்தால் எண் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும்.

சில தாள்களில் 'சி.ஓ.2-ஈ' என்று கடைசியில் ஓர் 'ஈ' ஒட்டியிருக்கும். பறக்கிற ஈ இல்லை! மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களையும் கரியமில வாயுவுக்குச் சமமாக மாற்றிக் கூட்டியிருக்கிறார்கள் என்பதன் அடையாளம் அது. ஒரு கிலோ மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில், ஏறக்குறைய 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இயற்கை எரிவாயுவில் ஓடும் கப்பல்களில் எரியாத மீத்தேன் கொஞ்சம் நழுவி வெளியேறிவிடும். அங்கே இந்த 'ஈ' இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. சேலத்தில் இருந்து 340 கி.மீ. தள்ளி இருக்கும் சென்னைக்கு ஒரு லாரி 5 டன் மாம்பழம் ஏற்றிப் போகிறது. காலியாகத் திரும்புவதையும் சேர்த்து, ஒரு டன்-கிலோமீட்டருக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எத்தனை கிலோ வாயு? 170 என்று வந்தால் சபாஷ்! அடுத்த முறை அதே லாரிக்குச் சென்னையில் இருந்து 5 டன் ரிட்டர்ன் லோடு கிடைத்துவிடுகிறது. இப்போது மாம்பழத்தின் பங்கு கூடுமா, குறையுமா? ஏன் என்று பக்கத்து வீட்டு நண்பனுக்கு விளக்கிச் சொல்லுங்கள் பார்க்கலாம்!